ஐ.பி.எஸ்-க்கு என்சைம் மாத்திரை: 6,800 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

ஐ.பி.எஸ் (IBS, வயித்துவலி, உப்புசம், பேதி, மலச்சிக்கல்னு படுத்தற குடல் கோளாறு) வந்தா குடல்ல என்சைம் (சாப்பாட்டை உடைச்சு செரிக்க வைக்கற பொருள்) சுரக்காது, இதைப் போட்டா 90 நாள்ல சரியாகும்னு ஒரு ஆன்லைன் சப்ளிமென்ட் கடை மூணு டப்பாவைத் தலையில கட்டிடுச்சு. 6,800 ரூபாய்.

நம்ப வெச்சது அந்தக் கடையோட பேசின போன்தான். "குடல்நல ஆலோசகர்" 20 நிமிஷம் பொறுமையா விசாரிச்சார். காலையில எத்தனை தடவை போகுது, வெங்காயம் சாப்பிட்டா உப்புசமா, பால் ஒத்துக்குதா... போனை வைக்கறதுக்குள்ள பணம் போயாச்சு.

டப்பாவோட பின்பக்கம் "என்சைம் கலவை 500 மி.கி." அவ்வளவுதான். எடையை வெச்சு என்சைமோட வீரியம் தெரியாது, அது எவ்வளவு வேலை செய்யும்னு காட்டற யூனிட் போடணும். லாக்டேஸ்னா (பால் சர்க்கரையை உடைக்கற என்சைம்) ஒரு வேளைக்கு 3,000லேருந்து 9,000 எஃப்.சி.சி. யூனிட். அதுக்குக் கீழே பொடி எழுத்துல "இனுலின், சார்பிட்டால்". வயிறு எரியுது! இனுலின் வெங்காயம், பூண்டுல இருக்கற அதே ஃப்ரக்டான் வகை நார்ச்சத்து. அதை உடைக்க மனுஷக் குடல்ல என்சைமே கிடையாது. நேரா பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியா புளிக்க வெச்சு வாயுவாக்கும். சார்பிட்டால்ங்கற இனிப்புப் பொருள் குடலுக்குள்ள தண்ணியை இழுத்துப் பேதியாக்கும். ஐ.பி.எஸ் காரங்க ஒதுக்க வேண்டிய ரெண்டையும் மருந்துக்குள்ளயே வெச்சு வித்திருக்காங்க.

உப்புசம் ஏறிடுச்சுன்னு கேட்டா, "கழிவு வெளியேறுதுங்க, நல்ல அறிகுறி." மறுவாரம், "ரெண்டு ரெண்டா போடுங்க." பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "சீல் உடைச்சிட்டீங்களே!" இப்போ நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. 6,800 ரூபாய்ங்க!

பெரும்பாலான ஐ.பி.எஸ்ல என்சைம் குறையே இல்லை. குடல் நரம்பு அளவுக்கு மீறி உணர்றதும், குடல் அசைவு தாறுமாறா இருக்கறதும்தான் முக்கியச் சிக்கல். பால் சேராதவங்களுக்கு லாக்டேஸ் உதவும், அதுவும் பாலோட முதல் வாய்க்கே போட்டாத்தான். கொதிக்கிற காபியில கலந்தா வீண். ராஜ்மா, கொண்டைக்கடலை வாயுவுக்கு ஆல்ஃபா காலக்டோசிடேஸ்ங்கற என்சைம் சிலருக்குக் கேட்கும். ரெண்டும் அந்தந்தச் சாப்பாட்டுக்கு மட்டும்தான், நோய்க்கு இல்லை. கணையச் சுரப்பு குறையறது வேற நோய். அதுக்கு மல எலாஸ்டேஸ் டெஸ்ட் (மலத்துல கணைய என்சைம் எவ்வளவுன்னு பார்க்கறது) இருக்கு, ஒரு கிராம் மலத்துக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தா டாக்டர் பார்க்கணும்.

அவசரமா சொல்றேன். யூனிட் போடாத டப்பா வேண்டாம். "இதர பொருட்கள்" வரியைப் படிக்காம சீல் உடைக்காதீங்க. ஐ.ஜி.ஜி. (IgG, உடம்பு உண்டாக்கற ஒரு எதிர்ப்பொருள்) ரத்த டெஸ்ட் பார்த்து "இது ஒத்துக்காது"ன்னு பட்டியல் கொடுத்தா நம்பாதீங்க, நீங்க சாப்பிட்டதைத்தான் அது காட்டும். மலத்துல ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்துல எழுப்பற பேதி, இதுல எது இருந்தாலும் மாத்திரை தேடாம குடல் டாக்டர்கிட்ட போங்க.