ஹார்லம் நடைச் சுற்றுலா: பவல் சிலை முன்னால் பத்து நிமிடம் போதாது

ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரோடு போன சனிக்கிழமை நியூயார்க் ஹார்லமில் வழிகாட்டியோடு நடக்கும் சுற்றுலா ஒன்றுக்குப் போனேன். ஆளுக்கு 35 டாலர், இரண்டு மணி நேரம். மேற்கு 138-ஆம் தெரு அபிசீனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆரம்பித்து 125-ஆம் தெருவில் முடிகிறது.

வழிகாட்டி அந்தப் பகுதியிலேயே வளர்ந்தவர். அப்பல்லோ அரங்கம், இசை எல்லாம் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டார். அவர் மனம் இருந்தது ஆடம் கிளேட்டன் பவல் ஜூனியர் என்ற கறுப்பினத் தலைவரிடம். 1937-இல் அந்தத் தேவாலயத்தின் போதகர், 1945 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் (காங்கிரஸின்) கீழவையான பிரதிநிதிகள் சபையில் ஹார்லத்தின் உறுப்பினர், 1961 முதல் அந்தச் சபையின் கல்வி, தொழிலாளர் குழுவின் தலைவர். மேட்டில் விறுவிறுவென்று ஏறுவதுபோல் நிற்கும் அவருடைய சிலையின் முன்னால் நிறுத்தி, 1967-ஐப் பற்றிப் பேசினார்.

அரசுப் பணத்தில் பயணம் போனார், மனைவியைச் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தார் என்பது பவல் மீதான புகார். விசாரித்த குழு கண்டனம், 40,000 டாலர் அபராதம், பணிமூப்பு இழப்பு போதும் என்றது. சபை கேட்கவில்லை. மார்ச் 1 அன்று 307-116 என்று வாக்களித்து அவரை உள்ளேயே விடவில்லை. அதே ஆண்டு ஜூனில் கனெக்டிகட் செனட்டர் தாமஸ் டாட், தேர்தலுக்கென்று திரட்டிய பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்ததற்காக மேலவையான செனட்டில் 92-5 என்று கண்டிக்கப்பட்டார். டாட் வெள்ளையர். அவர் பதவி போகவில்லை.

நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, அத்தை, "மருமக ஒடச்சா பொன்குடம்னு சொல்றதுதானே இது" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் வழிகாட்டியிடம் எனக்கு ஒரு வருத்தம். பவல் ஒரு தப்பும் செய்யாதவர் என்பதுபோலவே பேசினார். அவதூறு வழக்கில் தோற்று, நீதிமன்ற உத்தரவை மதிக்காமல் பஹாமாஸின் பிமினித் தீவில் போய் இருந்ததைச் சொல்லவில்லை. டாட் எடுத்தது நன்கொடைப் பணம், பவல் செலவழித்தது அரசுப் பணம், இருவரும் இருந்தது வேறு வேறு அவைகளில் என்பதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் வாதம் பலவீனப்பட்டிருக்காது. தன் குழுவே போதும் என்ற தண்டனையைத் தாண்டி சபை ஏன் போனது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தப்பை மறைத்துத்தான் அநீதியைக் காட்ட வேண்டும் என்றில்லை.

1969 ஜூனில் உச்ச நீதிமன்றம், வயது, குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய தகுதிகள் இருப்பவரைச் சபை இப்படி வெளியே நிறுத்த முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். இதற்குள் கூட்டம் நகர ஆரம்பித்துவிட்டது. இருபது பேருக்கு மேல் இருந்தோம், ஒலிபெருக்கி கிடையாது, பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. வழியில் வயதானவர்கள் உட்கார இடமும் பார்த்து வைக்கவில்லை. அத்தை கடைசி அரை மணி நேரம் என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

முடிந்த பிறகு அத்தை ஒன்று கேட்டார்: "அவரை உள்ள விடாத நாள்ல இந்த ஊர்க்காரங்களுக்காக அங்க யாரு பேசினா?" வழிகாட்டியிடம் கேட்டுச் சொன்னேன். 1967 ஏப்ரல் இடைத்தேர்தலில் மக்கள் பவலையே மறுபடி ஜெயிக்க வைத்தார்கள். அவர் போய் உட்காரவில்லை. 1969 ஜனவரியில் 25,000 டாலர் அபராதத்தோடு சேர்த்துக்கொள்ளும்வரை ஹார்லத்தின் நாற்காலி காலி. அந்தப் பதிலைச் சொல்லும்போது மட்டும் வழிகாட்டி குரல் தாழ்ந்தது. நடைக்கு நடுவிலேயே எல்லோருக்கும் சொல்ல வேண்டிய விஷயம் அது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். காலை நேரமாகப் பதிவு செய்யுங்கள், வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நடங்கள்.