ஆராதனைப் பாட்டுக்குக் கருத்துக் கேட்க சவுண்ட்கிளவுட்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

சொந்தமாக ஆராதனைப் பாட்டு எழுதி நாலு பேருக்கு அனுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திரும்பி வருவது பெரும்பாலும் "அபிஷேகமான பாட்டு பிரதர்", "தேவனுக்கே மகிமை", கூடவே கைகூப்புகிற ஒரு எமோஜி, அவ்வளவுதான். வேறு ஏதாவது பாட்டாக இருந்தால் இரண்டாவது சரணம் இழுக்கிறது என்று தயங்காமல் சொல்கிற அதே ஆள், பாட்டில் இயேசுவின் பெயர் வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வார். குறை சொன்னால் நம் ஜெபத்தையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். "கர்த்தர் கொடுத்த பாட்டு" என்று முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டால் கேட்கவே வேண்டாம், கர்த்தர் கொடுத்ததில் யார் திருத்தம் போடுவார்?

நான் இந்த வேலைக்கு சவுண்ட்கிளவுட்டைப் பயன்படுத்துவதே இந்தச் சிக்கலுக்காகத்தான். 2007-இல் தொடங்கப்பட்ட, பாட்டை ஏற்றிப் பகிர்கிற பழைய இணையதளம், பலரும் பாட்டுக் கேட்கிற இடமாக மட்டும்தான் அதை நினைத்திருப்பார்கள். அதில் பாட்டின் ஒலி அலை திரையில் நீளமாகத் தெரியும், கேட்கிறவர் எந்த நொடியில் கமெண்ட் எழுதுகிறாரோ அந்த நொடியிலேயே அது ஒட்டிக்கொள்ளும். பார்க்கச் சின்ன வசதிதான், ஆனால் ஆராதனைப் பாட்டு விஷயத்தில் பேச்சையே மாற்றிவிடுகிறது. "பாட்டு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பக்தியான பதில் வரும். "எந்த இடத்தில் உங்களால் கூடப் பாட முடியவில்லையோ அங்கே ஒரு கமெண்ட் போடுங்கள், காரணம் சொல்ல வேண்டாம்" என்று கேட்டுப் பாருங்கள், இடம் வரும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேர் குறி வைத்தால் அப்புறம் விவாதமே தேவையில்லை.

அப்படி வருகிற கமெண்ட்களில் உருப்படியானவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். இங்கே மூச்சு எடுக்க இடமே இல்லை. பல்லவிக்குத் திரும்புகிறீர்கள் என்பது பாதி வரி போன பிறகுதான் தெரிகிறது. குறில் மேல் நீளமான சுரம் வந்ததால் "பலன்" என்பது "பாலன்" என்று கேட்டு, நன்றிப் பாட்டு திடீரென்று கிறிஸ்துமஸ் பாட்டாகிவிடுகிறது. எழுதினவருக்கு வரிகள் மனப்பாடம், அதனால் இது அவர் காதில் விழவே விழாது. பாட்டைப் பலமுறை கேட்டுப் பழகின நண்பர்களும் இதற்கு உதவ மாட்டார்கள்.

அதிகமாகக் குறி விழுகிற இடம் கோரஸின் உச்சி. எழுதுகிறவர் தன் குரலுக்கு ஏற்ற ஸ்கேலில் எழுதுகிறார், சபையில் இருப்பவர்களோ பாடகர்கள் இல்லை. ஆண்களும் பெண்களும் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி தள்ளித்தான் பாடுகிறார்கள், இரண்டு கூட்டத்துக்கும் சிரமமில்லாமல் இருக்க வேண்டும் என்றால் நடு சி-க்குக் (பியானோவின் நடுவில் இருக்கிற C சுரம்) கொஞ்சம் கீழே தொடங்கி, அதற்கு மேல் ஸ்தாயியில் டி-யைத் தாண்டாமல் நிறுத்திக்கொள்வது நல்லது, எப்போதாவது ஒரு ஈ-யைத் தொட்டு இறங்கினால் பரவாயில்லை. அங்கேயே நின்று நாலு வரி பாட வைத்தால் பாதிச் சபை வாயசைக்கும். கமெண்ட்டில் யாரும் "ஸ்கேல் அதிகம்" என்று எழுத மாட்டார்கள், அந்த இடத்தில் வெறும் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள், பியானோவில் தட்டிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். டெமோவை, அதாவது மாதிரிப் பதிவை, மெருகேற்றிப் போடாதீர்கள். பேட் (பின்னால் நீளமாக ஒலிக்கிற கீபோர்டு ஒலி), ரிவெர்ப் (எதிரொலி), பின்னணிக் குரல்கள் எல்லாம் சேர்த்துப் போட்டால் "மிக்ஸிங்கில் டிரம்ஸ் கொஞ்சம் குறைவு" என்று கருத்து வரும், பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஒரு கிதார் அல்லது கீபோர்டு, ஒரு குரல், போதும். அப்படிப் பாடியும் நிற்கிற மெட்டுதான் ஞாயிற்றுக்கிழமை சபையில் நிற்கும். (சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை, உண்மையிலேயே.)

இன்னொரு வசதி தனிப்பட்ட இணைப்பு. பாட்டைப் பொதுவில் போடாமல் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் கேட்கும்படி வைக்கலாம், அந்த இணைப்பு யார் யாருக்கோ போய்விட்டதாகத் தோன்றினால் அதை மாற்றிவிடலாம், பழையது செல்லாது. பாட்டைத் திருடிவிடுவார்களோ என்று பயந்து யாருக்கும் காட்டாமலே வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். படைப்புகளின் உரிமையைக் காக்கிற சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் பதிவு செய்யாமலே, பாட்டு உருவான உடனேயே காப்புரிமை வந்துவிடுகிறது, தேதியோடு ஏற்றப்பட்ட கோப்பு ஒரு துணைச் சான்றாகவும் இருக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்தத் தளத்தின் விதிமுறைகளில் 2024-இல் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு பகுதி சேர்க்கப்பட்டு, 2025 மே மாதம் அது கலைஞர்களின் கண்ணில் பட்டுப் பெரிய சர்ச்சையானது. கலைஞர்களின் பாட்டை வைத்து எந்த மாடலையும் பயிற்றுவிக்கவில்லை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்து, வாசகத்தை மாற்றுவதாகவும் சொன்னது. எந்தத் தளமாக இருந்தாலும் ஏற்றுமுன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படியுங்கள்.

சரி, எதற்கு ஆகாது? வரிகளுக்கு ஆகவே ஆகாது. பாட்டு ஓடும்போது காது மெட்டின் பின்னால் போய்விடுகிறது, வார்த்தையை யாரும் எடை போடுவதில்லை. முதல் வரியில் "பிதாவே" என்று கூப்பிட்டுவிட்டு மூன்றாவது வரியில் அதே மூச்சில் "எனக்காகச் சிலுவையில் மரித்தீரே" என்று பாடுகிற பாட்டுக்கு, பிதாவா மரித்தார் என்று ஒருவர்கூடக் கேட்காமல் வரிசையாகப் பாராட்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். சரணத்தில் "நீர்" என்று பேசிவிட்டுப் பல்லவியில் "அவர்" என்று மாறுவது, "உமது" என்று தொடங்கி ஓசைக்காக "உன்" என்று இறங்குவது, பாட்டு முழுக்க "நான், எனக்கு, என்" என்றே போவது, இதெல்லாம் எழுத்தில் பார்த்தால்தான் உறுத்தும். அதற்கு மெட்டே இல்லாமல் வரிகளை மட்டும் கூகுள் டாக்ஸில் போட்டு, பாட்டுப் பாடாத ஆனால் வேதம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், போதகராக இருந்தால் இன்னும் நல்லது. புதிய வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து வசனத்தை அப்படியே எடுத்திருந்தால் அதற்கும் உரிமையாளர் உண்டு, அனுமதி வாங்க வேண்டி வரலாம், அதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு தொல்லை, முதலில் விழுந்த கமெண்ட் அடுத்தவர் கண்ணில் படும். முதல் ஆள் "அருமை" என்று போட்டால் பின்னால் வருகிறவர்கள் எல்லாம் அருமைதான். அதனால் கறாரான ஆளுக்கு முதலில் அனுப்புங்கள், அன்பானவர்களுக்குக் கடைசியில். திருத்திய பதிவை அதே இணைப்பில் மாற்றி வைக்கும் வசதி கட்டணத் திட்டத்தில்தான் வருகிறது, அப்படி மாற்றினாலும் பாட்டின் நீளம் மாறியிருந்தால் பழைய கமெண்ட்கள் இடம் தவறி நிற்கும். நான் புதிய பதிவாகவே ஏற்றிவிடுகிறேன், பழையதும் பக்கத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. இலவசக் கணக்கில் மொத்த நேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு, குரல்-கிதார் டெமோக்களுக்கு அது தாராளம்.

சவுண்ட்கிளவுட்டில் கேட்பதற்குக் கணக்கு வேண்டாம், கமெண்ட் போடுவதற்குக் கணக்கு வேண்டும். சபையில் பாட்டைத் துல்லியமாக எடை போடக்கூடிய வயதானவர்கள் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஆடியோ அனுப்பிவிட்டு போன் பண்ணிக் கேட்பதுதான் வழி, அவர்கள் சொல்வதை நீங்களே அந்தந்த நொடியில் கமெண்ட்டாகப் போட்டு வையுங்கள்.