மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் கவனம்: சிவப்பு லைற்றைக் காட்டிக் காசு கறக்கிறார்கள்

வன்னியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் கராச்சுக்குப் போங்கள். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கராச்சில் எங்கள் மைனருக்கு 70 ஆயிரத்துக்கு மேல் கறந்துவிட்டார்கள். கோளாறு மட்டும் போகவில்லை.

காலையில் ஸ்ராட் எடுக்க இழுபறி, அவ்வளவுதான் பிரச்சினை. கராச்சுக்காரர் எஞ்சினை ஐடிலில் (அக்சிலேற்றரை மிதிக்காமல்) ஓடவிட்டு, டாஷ்போர்டில் மினுங்கிய சிவப்புச் சார்ஜ் லைற்றைக் காட்டி, "டைனமோ போச்சு அண்ணை" என்றார். பற்றறியைச் சார்ஜ் பண்ண மைனரில் கம்பனி பூட்டியது இப்போதைய கார்களில் வரும் அல்ரனேற்றர் இல்லை, பழைய டைனமோ. ஐடிலில் அது சரியாகச் சார்ஜ் பண்ணாது. அந்த லைற் மினுங்குவது வழமை, அக்சிலேற்றரைக் கொஞ்சம் மிதித்தால் அணைந்துவிடும். அவர் மிதிக்கவேயில்லை, வோல்ற் மீற்றரைத் தொடவுமில்லை. டைனமோ மாறியது, பற்றறி மாறியது, அப்புறம் வயரிங்கும் உக்கிப்போச்சாம்.

அந்த வயரிங் வேலையைத்தான் மன்னிக்க முடியவில்லை. கம்பனி வயரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு: பிரவுண் பற்றறியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், கறுப்பு எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பற்றறிக்குத் திரும்பும் பாதை). பாதியை வெட்டி எறிந்துவிட்டு, வீட்டுக்கு இழுக்கும் தனிக்கம்பிச் சிவப்பு வயரை ஓட்டியிருக்கிறார். காரின் அதிர்வில் அது உள்ளுக்குள்ளேயே முறியும்.

கடைசியில் மாங்குளத்தில் வயதான மெக்கானிக் ஐயா ஒருவர் பார்த்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்த ஆட்களில் ஒருவர். செல்ப் (ஸ்ராட்டர்) அடிக்கவிட்டு, "சோக் கேபிளைத் தொட்டுப் பார் தம்பி" என்றார். கை சுட்டது. எஞ்சின் பக்கத்தைப் பாடியோடு இணைக்கும் எர்த் பட்டி பூட்டிய இடத்தில் துரு. ஸ்ராட்டரின் கரண்ட் வேறு வழியில்லாமல் டாஷ்போர்டிலிருந்து எஞ்சினுக்குப் போகும் அந்த மெல்லிய சோக் கேபிளால் திரும்பியிருக்கிறது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் எர்த் பக்கத்திலும் மற்றதை எஞ்சின் புளொக்கிலும் வைத்து மறுபடி அடிக்கச் சொன்னார். ஏறக்குறைய 3 வோல்ற். அரை வோல்ற்றுக்கு மேல் வரக்கூடாதாம். துருவைச் சுரண்டிப் பட்டியைப் புதிதாகப் போட்டார், கார் ஒரே அடியில் எழும்பியது.

எங்கள் பழைய லூகஸ் டைனமோவைத் திருப்பிக் கேட்டால், "இரும்புக்காரன் கொண்டுபோயிட்டான்" என்கிறார்கள். கழற்றும் சாமானை அங்கேயே கேட்டு வாங்கி வண்டிக்குள் போடுங்கள். பெரும்பாலான மைனர்கள் கம்பனியிலிருந்து பொசிற்றிவ் எர்த்தாக (பற்றறியின் பொசிற்றிவ் முனை பாடியில் பூட்டியபடி) வந்தவை. உங்களுடையது எது என்று கராச்சில் கேளுங்கள். பார்க்காமலே "நெகற்றிவ்தானே" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.