எச்சிகோ யுசாவாவில் ஒரு வீடு: வாங்கின விலையை விடுங்கள், மாதச் செலவைக் கேளுங்கள்

ஜப்பானில் வெளிநாட்டுக்காரர் வீடு வாங்க முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். அந்த ஊர் விசாவோ குடியுரிமையோ தேவையில்லை, நிலத்தில் உள்ள பங்கும் சேர்த்தே நம் பெயரில் பதிவாகும். ஆனால் வீடு இருக்கிறதே என்று யாரும் விசா தரமாட்டார்கள். எங்கள் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு ஒரு தடவைக்கு 90 நாள், அவ்வளவுதான். சொந்த வீட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு நரிதா விமான நிலையத்தில் சுற்றுலாப் பயணிகளோடு வரிசையில் நிற்கிற கூத்து இன்றுவரை நடக்கிறது.

எங்கள் வீடு நீகாதா மாகாணத்தில், யுசாவாவில். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்கிற அதிவேக ரயிலில் சுமார் 80 நிமிடம். 1982-இல் இந்த ரயில் வந்தது, பின்னாலேயே பணம் புரண்ட காலமும் வந்தது. பனிச்சறுக்குக்கு வருகிற டோக்கியோக்காரர்களை நம்பி 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் அடுக்குமாடிகளாகக் கட்டித் தள்ளினார்கள். சுமார் 8,000 பேர் வாழும் ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் மட்டும் 15,000 அளவில் இருக்கின்றன. பொருளாதாரம் சரிந்ததும் விலையும் சரிந்தது, பழைய உயரத்துக்கு இன்னும் திரும்பவில்லை. ஸ்டேஷனிலிருந்து தள்ளி, மலைமேல் இருக்கும் நயேபா பக்கம் 1 லட்சம் யென்னுக்குக்கூட விளம்பரம் பார்க்கலாம். எங்களுடையது எச்சிகோ யுசாவா ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம் என்பதால் அதைவிடப் பல மடங்கு, ஆனாலும் 20 லட்சம் யென்னைத் தொடவில்லை. கட்டடம் 1981-இல் கடுமையாக்கிய நிலநடுக்கக் கட்டட விதிகளுக்குப் பிறகு வந்தது என்பதையும் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

விலையைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள்தான் அப்புறம் புலம்புகிறார்கள். பராமரிப்புக் கட்டணமும் பழுதுபார்ப்பு நிதியும் சேர்த்து எங்களுக்கு மாதம் 30,000 யென்னை ஒட்டி வருகிறது. நாம் அங்கே போனாலும் போகாவிட்டாலும் கட்டியே ஆகவேண்டும். லிஃப்ட், காவலாளி, பனி அள்ளுவது, பொதுக் குளியலறை எல்லாம் அதில்தான் ஓடுகிறது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான், யானை மட்டும் மலிவு. இதில் முக்கியமானது ஒன்று: முந்தைய உரிமையாளர் கட்டாமல் வைத்த பாக்கி சட்டப்படி வாங்குகிறவர் தலையிலும் விழும். பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வரியும் அப்படித்தான். சொத்து வரி 1.4 சதவீதம், அதை நாம் கொடுத்த விலைக்கு இல்லாமல், அரசு போட்டிருக்கும் மதிப்புக்குக் கணக்கிடுகிறார்கள். யுசாவாவில் அந்த மதிப்பு சந்தை விலையைவிட அதிகமாகவே இருக்கும். வாங்கிப் பல மாதம் கழித்து, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, சொத்து வாங்கியதற்கான தனி வரி ஒரு உறையில் வந்து சேரும். வெளிநாட்டில் வசிப்பவர் வரி விஷயங்களைக் கவனிக்க அங்கேயே ஒருவரை நியமிக்கவேண்டும். பத்திரப் பதிவைச் செய்துகொடுத்த சட்ட எழுத்தரே எங்களுக்கு அந்த ஆளையும் காட்டினார். ஜப்பானியர்கள் கையெழுத்துக்குப் பதில் குத்துகிற முத்திரைக்கான சான்றிதழ் நம்மிடம் இருக்காது, அதற்குப் பதிலாக இங்கே சிங்கப்பூரில் நோட்டரியிடம் கையெழுத்து உறுதிமொழி வாங்கி அனுப்பினோம், அதுவே போதுமாக இருந்தது. வங்கிக் கணக்குதான் பெரும்பாடு. அங்கே வசிக்காதவர் என்றதும் ஒரு வங்கியில் புன்னகையோடு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, காகிதம் போதும்.

குளிர்காலத்தில் போய் இறங்கினால் கோட்டைக்கூடக் கழற்றாமல் செய்கிற வேலை, கதவுக்கு வெளியே மீட்டர் பெட்டியைத் திறந்து தண்ணீர் வால்வைத் திருப்புவது. குழாய்கள் புஸ்ஸென்று காற்றைக் கக்கி, பழுப்பாக இரண்டு மிடறு துப்பி, அப்புறம்தான் ஒழுங்காக ஓடும். கிளம்பும்போது இதையே தலைகீழாகச் செய்யவேண்டும்: வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து, ஹீட்டரில் இருப்பதை வடித்து, கழிப்பறையிலும் சிங்க்கிலும் உறையாத திரவம் ஊற்றவேண்டும். சோம்பல்பட்டு விட்டால் உள்ளே தண்ணீர் உறைந்து குழாய் வெடித்து, கீழ்வீட்டுக்காரருக்கு நஷ்டஈடு கொடுக்க நேரும். மின்சாரமும் ஆம்பியர் கணக்கில்தான். ஹீட்டர், கெட்டில், மைக்ரோவேவ் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் டப்பென்று இருட்டு. மின்னழுத்தம் 100 வோல்ட் என்பதால் வீட்டு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போவது வேலைக்கு ஆகாது, அங்கேயே ஒன்று வாங்கிவிட்டோம். இட்லி மாவு மட்டும் அங்கே அமோகமாகப் பொங்குகிறது, அடியில் ஹீட்டர் வைத்த கொதாட்சு மேசைப் போர்வைக்குள் பாத்திரத்தைத் தள்ளிவிட்டால் போதும். ஊர்ப் பெருமையான கொஷிஹிகாரி அரிசி சாம்பாருக்கு ஒத்துவராது, தயிர்சாதத்துக்கு அதை அடிக்க ஆளில்லை.

பூட்டி வைத்த வீட்டுக்கு நிஜ எதிரி பனி இல்லை, ஜூன், ஜூலை ஈரம். தோல் பெல்ட் ஒன்றை அலமாரியில் விட்டிருந்தோம், பச்சையாக மயிர் முளைத்த மாதிரி பூஞ்சை. இப்போது அலமாரிக் கதவுகளைத் திறந்தே வைத்துவிட்டு வருகிறோம். இலையுதிர் காலத்தில் நாற்றப் பூச்சிகள் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து தங்கிவிடும். அடித்தால் வீடே நாறும், பார்சல் டேப்பில் மெதுவாக ஒட்டி எடுத்து மடித்துவிடவேண்டும்.

தெருவில் பனியைக் கரைக்க நிலத்தடி நீரைச் சாலை நடுவிலிருந்து பீய்ச்சி அடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரிலுள்ள இரும்பால் சாலைகளே துருப்பிடித்த நிறத்தில் கிடக்கும். ஸ்டைலான பூட்ஸ் எல்லாம் அங்கே வீண், முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ்தான் சரி.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் வைத்திருக்கிறோம்? கீழ்த்தளத்தில் இருக்கும் வெந்நீர் ஊற்றுக் குளியலறைக்காக. சாயங்காலம் துண்டும் செருப்புமாக லிஃப்டில் இறங்கினால் போதும். ஓய்வுபெற்று டோக்கியோவிலிருந்து அங்கேயே குடிவந்துவிட்ட பெரியவர்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, எந்தக் கடையில் முள்ளங்கி மலிவு, மேலே எவ்வளவு பனி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். என் அரைகுறை ஜப்பானிய மொழி பாதிக்கு மேல் அங்கே கற்றதுதான். ஸ்கீ சீசனை விட மே மாதம் எனக்குப் பிடிக்கும்: கூட்டம் இல்லை, வயல்களில் தண்ணீர் கட்டியிருப்பார்கள், கடைகளில் மலைக்கீரை வந்திருக்கும்.

விற்கவேண்டுமென்றால்? சுலபமில்லை, அந்தக் காசை மறந்துவிட்டுத்தான் வாங்கவேண்டும். வாடகைக்கு விட்டு ஈடுகட்டலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள், எங்கள் கட்டடம் உட்படப் பல இடங்களில் குறுகிய கால வாடகைக்குத் தடை. இந்த வருடம் குளியலறைக் கொதிகலனை மாற்றவேண்டுமாம். கட்டணத்தை உயர்த்துவதா, குளிக்கும் நேரத்தைக் குறைப்பதா என்று உரிமையாளர் கூட்டத்துக்கான வாக்குச்சீட்டு தபாலில் வந்திருக்கிறது. கட்டணத்தை உயர்த்தச் சொல்லி வட்டம் போட்டு அனுப்பப் போகிறேன்.