டிடி ஃப்ரீ டிஷ்: ஆறு வருட அனுபவமும் ஒரு எல்.என்.பி.யும்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "தூறல் போட்டாலே படம் நின்னுடுது, பெரிய டிஷ் குடையா மாத்திடவா?" வேண்டாம், முதலில் மாடிக்குப் போய், குடைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அலையை வாங்கும் எல்.என்.பி.யைப் பாருங்கள் என்றேன். மதுரையில் ஆறு வருடமாக, தூர்தர்ஷனின் இலவசச் செயற்கைக்கோள் டிவி சேவையான ஃப்ரீ டிஷ் வைத்திருக்கிறேன். முதல் நாலு வருடம் இதே எரிச்சல்தான்.

பொருத்த வந்தவர் படம் தெரிந்ததும் கிளம்பிவிட்டார். செட்-டாப் பாக்ஸில் ஸ்ட்ரென்த் (அலையின் பலம்) 85, குவாலிட்டி (அலையின் தரம்) 45. அந்த 85-ஐ நம்பி நானும் விட்டுவிட்டேன். குடை வேறொரு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஸ்ட்ரென்த் ஏறித்தான் நிற்கும். பார்க்க வேண்டியது குவாலிட்டியை.

இரண்டு வருடத்துக்கு முன் கிளாம்ப் துருப்பிடித்து உடைந்தது. சரி, இந்த முறை நாமே செய்வோம் என்று இறங்கினேன். பைப் லேசாகச் சாய்ந்திருந்தது. அப்படி இருந்தால் குடையைப் பக்கவாட்டில் திருப்பும்போதே உயரமும் மாறிவிடும். ரசமட்டம் வைத்து பைப்பை நேராக்கினேன். ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருப்பது 93.5 டிகிரி கிழக்கில். மதுரையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, சுமார் 68 டிகிரி உயரத்தில். 60 செ.மீ. குடையின் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே பார்வை 2 டிகிரி விலகிவிடும். அதனால் ஒரு நூல் நகர்த்துவேன், பாக்ஸ் எண்ணை மாற்றும்வரை ஐந்து விநாடி பொறுப்பேன், கீழிருந்து மகள் போனில் எண்ணைச் சொல்வாள். குவாலிட்டி 58 வந்தது. நட்டை முறுக்கியதும் 54-க்கு இறங்கியது! இரு பக்க நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கித்தான் 58-ஐப் பிடித்து நிறுத்த முடிந்தது.

அப்புறம்தான் எல்.என்.பி. முதல் நாளிலிருந்தே அது நேராக நின்றது. செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாமல் கிழக்கே தள்ளி இருப்பதால், செங்குத்து, கிடை அலைகள் சாய்ந்தே வந்து சேரும், எல்.என்.பி.யும் அதே அளவு சாய வேண்டும். தெற்கே வர வர இந்தச் சாய்வு கூடும். டெல்லிக்கு வைக்கிற அளவு மதுரைக்குப் போதாது. கிளிப்பைத் தளர்த்தி மெல்லத் திருப்பினேன். 62, 67, கடைசியில் 74. போனில் மகள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். ஒரு பைசா செலவில்லை. இதை முதல் நாளே செய்து கொடுக்காமல் போனவர் மேல் இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது.

அன்றிலிருந்து தூறலுக்குப் படம் நின்றதில்லை. ஐப்பசியில் கொட்டும்போது போகும். ஃப்ரீ டிஷ் வருகிற கு-பேண்ட் அலையை அடைமழை விழுங்கிவிடும், அதற்குக் குடையைக் குறை சொல்ல மாட்டேன். மாதக் கட்டணமும் கிடையாது.

ஆனாலும் நண்பர், "அம்மாவுக்கு ஊரில் புதுசா ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். குவாலிட்டி 74 இருந்து என்ன, ரிமோட்டை அழுத்த அழுத்த இந்தி சேனல்கள்தான் வருகின்றன. என் அம்மாவே இப்போது டிடி தமிழில் செய்தி முடிந்ததும் டிவியை அணைத்துவிடுகிறார்.