விட்டோடென்ஸ் 100-டபிள்யூ: பழைய லண்டன் வீட்டில் ஒரு காம்பி பாய்லர்

வடமேற்கு லண்டனில் எங்களுடையது, நடுவே இடைவெளி விடாமல் செங்கல்லால் கட்டிய கனத்த சுவர்களைக் கொண்ட பழைய வரிசை வீடு. அதன் பாய்லர் ஆயுள் முடிந்து நின்றபோது, ஜெர்மானிய நிறுவனமான வீஸ்மனின் விட்டோடென்ஸ் 100-டபிள்யூ காம்பி பாய்லரை வாங்கிப் பொருத்தினோம். காம்பி என்றால், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாய்ச் சுடுநீருக்கும் தனித் தொட்டியில்லாமல் ஒரே கருவி நீரைச் சூடாக்கித் தருவது. கருவி மிக நன்றாக இருக்கிறது. ஆனாலும் இன்று வீடு கதகதப்பாகவும் எரிவாயுச் செலவு அடக்கமாகவும் இருப்பதற்குக் கருவியைவிட, அதைப் பொருத்தியவர் அளந்து, கணக்கிட்டு, அமைத்துத் தந்த முறையே பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் விலை விசாரித்த நிறுவனம் ஒன்று, படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை என்று தொலைபேசியில் கேட்டதோடு சரி, 35 கிலோவாட் பாய்லர்தான் பொருந்தும் என்று முடிவு சொல்லிவிட்டது. பின்னர் வந்த பொருத்துநரோ ஒவ்வோர் அறையின் சுவரையும் சன்னலையும் அளந்து, வெளியே மைனஸ் 2 டிகிரி இருக்கும் நாளில்கூட இந்த வீட்டுக்கு 8 கிலோவாட்டுக்கு மேல் தேவைப்படாது என்று எழுதிக் காட்டினார். காம்பி பாய்லரில் பெரிய எண் சுடுநீருக்காகத்தான் வேண்டியிருக்கிறது: குழாய்த் தண்ணீரை அந்த நொடியிலேயே 35 டிகிரி உயர்த்தி நிமிடத்துக்கு 12 லிட்டர் தர ஏறத்தாழ 30 கிலோவாட் ஆகும். ஆகவே, வாங்குபவர் கேட்க வேண்டியது இது அதிகபட்சம் எவ்வளவு எரியும் என்பதையல்ல, குறைந்தபட்சம் எவ்வளவு வரை தணிந்து எரியும் என்பதையே. அக்டோபரின் மிதமான குளிரில் வீட்டுக்கு 2, 3 கிலோவாட் போதும். 8 கிலோவாட்டுக்குக் கீழே இறங்கத் தெரியாத பாய்லர் அப்போது பற்றுவதும் அணைவதுமாகத் திணறி, எரிவாயுவையும் வீணாக்கித் தன் பாகங்களையும் தேய்த்துக்கொள்ளும். விட்டோடென்ஸ் சுமார் 3 கிலோவாட் வரை தணிந்து, ஓசையே இல்லாமல் நீண்ட நேரம் எரிகிறது. இதன் வெப்பப் பரிமாற்றி துருப்பிடிக்காத எஃகால் ஆனது என்பதும் எங்கள் தேர்வுக்கு ஒரு காரணம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள், சில விதிவிலக்குகள் தவிர, புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் மீட்கும் வகையைச் சேர்ந்தவை. ஆனால், ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த நீராவி தண்ணீராக மாறும். பெரும்பாலான வீடுகளில் பாய்லரை 70, 80 டிகிரியில் வைத்து அப்படியே விட்டுவிடுவதால், பணம் கொடுத்து வாங்கிய திறன் வெண்புகையாக வெளியேறுகிறது. நம்மவர் வீடுகள் பலவற்றில் இதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். காம்பி வைத்திருப்பவர்கள் ரேடியேட்டருக்கான வெப்பநிலையை 60 டிகிரிக்கோ அதற்கும் கீழேயோ இறக்கிப் பார்க்கலாம். சுடுநீருக்குத் தனிக் குமிழ் இருப்பதால் குளியல் பாதிக்கப்படாது. சுடுநீர்த் தொட்டி உள்ள வீடுகளுக்கு இந்த அறிவுரை அப்படியே பொருந்தாது, ஏனெனில் கிருமி வளராதிருக்கத் தொட்டி நீரை 60 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இன்னும் ஒரு படி மேலே போனோம். வடக்குச் சுவரில் பொருத்திய சிறிய உணரி வெளிக்குளிரைப் பார்த்துச் சொல்ல, பாய்லர் அதற்கேற்ப நீரின் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கிறது. உணரியைத் தனியே வாங்க வேண்டும்; தயங்காமல் வாங்குங்கள். மிதமான நாளில் நீர் 40 டிகிரியிலும், தரை உறையும் நாளில் 55 டிகிரிக்கு அருகிலும் ஓடுகிறது. பகலெல்லாம் வீட்டில் இருக்கும் அம்மா முதல் வாரத்தில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "தம்பி, இது சுடவே இல்லை, பழுதாப் போச்சோ?" என்று கேட்டார். அறையின் வெப்பமானியோ அசையாமல் 20 டிகிரி காட்டியது. காலையில் இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து அணைத்துவிடும் பழக்கத்தைவிட, முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இந்த மிதமான, இடைவிடாத சூடே உகந்தது.

பொருத்திய நாளில் எனக்கு மிகவும் பிடித்தது, ரேடியேட்டர்களைச் சமன்செய்த வேலை. குழாய்களில் வெப்பமானிகளைக் கவ்வவிட்டு, பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டரின் அடி வால்வைக் கால் திருப்பு மூடி, கடைசி அறைக்குத் தண்ணீர் போய்ச் சேர்கிறதா என்று பொருத்துநர் காத்திருந்து பார்த்தார். முன்னதாகப் பழைய குழாய்களைக் கழுவியபோது கறுப்புச் சேறு வந்தது. அது இரும்பு ரேடியேட்டர்கள் உள்ளே துருப்பிடித்ததன் விளைவு. காந்த வடிகட்டியும் துருத்தடுப்புத் திரவமும் சேர்க்காமல் புதிய பாய்லரை யாரும் பொருத்த விடாதீர்கள்.

நாம் செய்ய வேண்டிய பராமரிப்பு குறைவு. குளிர்ந்த நிலையில் அழுத்தமானி 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டும். அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். ரேடியேட்டர் மேலே மட்டும் சில்லென்றிருந்தால் காற்றைத் திறந்துவிட வேண்டும். அதன் மீது ஈரத்துணி காயப்போடுவதையும் முன்னால் சோஃபாவை ஒட்டிப் போடுவதையும் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். பாய்லரிலிருந்து நீர் வடியும் குழாய் வெளிச்சுவரில் ஓடினால் அகலமான குழாயாக மாற்றி உறையிட்டுக் காக்க வேண்டும், இல்லையேல் கடுங்குளிரில் அது உறைந்து பாய்லரை நிறுத்திவிடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் இருக்கட்டும்.

இரு குளியலறைகளில் ஒரே நேரத்தில் ஷவர் திறக்கும் குடும்பத்துக்குப் பெரும்பாலான காம்பிகள் பொருந்தாது. அவர்கள் தொட்டி வைத்த அமைப்பையே பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவியான வெப்பப் பம்புக்கு 2023 அக்டோபர் முதல் 7,500 பவுண்டு மானியம் கிடைப்பதால், அதையும் விசாரித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. உறைகுளிரில் 50 டிகிரி நீரைக் கொண்டே உங்கள் வீடு சூடாகிறது என்றால், பம்புக்கும் அது பெரும்பாலும் ஏற்ற வீடுதான். காம்பியே போதும் என்று தீர்மானித்தால், கேஸ் சேஃப் (எரிவாயு வேலை செய்யச் சட்டப்படி தேவையான பதிவேடு) பதிவுள்ளவரிடம் அறை அறையாக அளந்த கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆண்டுதோறும் சர்வீஸ் செய்யாவிட்டால் உத்தரவாதம் செல்லாது. அதற்கு ஆகஸ்டிலேயே நாள் குறித்துவிடுங்கள், முதல் குளிர் விழுந்ததும் பொருத்துநர்கள் கிடைப்பது கடினம்.