நாலு சேனல், ஒரே நாப்

"நீங்க வெச்சிருக்கற ஸ்கோப் இப்ப சல்லிசா வருதுங்ண்ணா, எடுத்துக்கலாங்களா?" என்று பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான். ஸ்கோப் என்றால் ஆசிலோஸ்கோப், வோல்டேஜ் ஏறி இறங்குவதை ஸ்கிரீனில் கோடாக வரைந்து காட்டும் கருவி. இண்டக்ஷன் அடுப்பு, யுபிஎஸ், வீட்டு இன்வெர்ட்டர் போர்டுகள் பார்க்கிறவன். இப்போதுதான் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் வேலையில் கை வைக்க ஆரம்பித்திருக்கிறான். போனிலேயே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரத்தில் அதே ஸ்கோப்பின் முன்பக்க போர்டைக் கழற்றி மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். அப்போது வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அவன் ஆயுசுக்கும் மல்ட்டிமீட்டரோடு நின்றிருப்பான். அதனால் கொஞ்சம் ஆறப்போட்டு எழுதுகிறேன்.

மெஷின் எல்லாருக்கும் தெரிந்த வகைதான்: 100 மெகாஹெர்ட்ஸ், நாலு சேனல் (ஒரே நேரத்தில் நாலு சிக்னல் பார்க்கலாம்), 8 பிட், ஏழு இன்ச் ஸ்கிரீன், பத்து மில்லியன் பாயிண்டுக்கு மேல் மெமரி. பிராண்டைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். இந்த விலையில் வரும் நாலு சேனல் மெஷின்கள் பலவற்றில் முன்பக்கம் இப்படித்தான் இருக்கிறது. பேண்ட்விட்த், சாம்பிள் ரேட் பற்றியெல்லாம் இங்கே அளக்கப்போவதில்லை. டிரைவ், எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) ரிப்பேருக்கு 100 மெகாஹெர்ட்ஸ் தாராளம். ரைஸ் டைம் 3.5 நானோ செகண்ட் வருகிறது, டிரைவுக்குள் ஸ்விட்ச் வேலை செய்யும் ஐஜிபிடியின் கேட் பார்க்க அந்த 100 மெகாஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். நாலு சேனலையும் போட்டால் சாம்பிள் ரேட் நாலாகப் பிரிந்துவிடும் என்பதும் தெரிந்த கதை. அது எனக்கு ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

இடைஞ்சல் நாப்தான்.

நாலு சேனலுக்கும் சேர்த்து, அலையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் வோல்ட்ஸ்-பெர்-டிவிஷன் நாப் ஒன்று, மேலே கீழே நகர்த்தும் பொசிஷன் நாப் ஒன்று. எந்த சேனல் பட்டனில் லைட் எரிகிறதோ, நாப் அதற்கு வேலை செய்யும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எட்டு நாப் வைக்க பேனலில் இடம் இல்லை, வைத்தால் விலையும் ஏறும். ஆனால் வேலை பார்க்கும்போது என்ன நடக்கிறது? இடது கையில் ப்ரோப்பை, அதாவது ஸ்கோப்பின் அளக்கும் முனையை, ஐசி காலில் அழுத்திப் பிடித்திருப்பேன், கண் அந்தக் கால் மேலேயே இருக்கும், வலது கை நாப்பைத் தேடிப் போகும். திருப்பினால் சேனல் 1 பெரிதாகும் என்று பார்த்தால் சேனல் 3 ஸ்கிரீனைத் தாண்டி ஓடியிருக்கும். சரி, 1 பட்டனை அழுத்திவிட்டுத் திருப்புவோம் என்றால் இன்னொரு வில்லங்கம். சேனல் 1 ஏற்கெனவே செலக்ட் ஆகியிருந்தால், அந்த அழுத்தலுக்கு அர்த்தம் 'ஆஃப் பண்ணு'. ட்ரேஸே, அதாவது ஸ்கிரீனில் ஓடும் கோடே, காணாமல் போய்விடும். ஆக, பட்டனைத் தொடுவதற்கு முன்னால் எந்த லைட் எரிகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாக வேண்டும். பார்க்கத் திரும்பின நேரத்தில் ப்ரோப் நழுவி பக்கத்துக் காலோடு சேர்ந்தால்? லைவ் போர்டில் அது விளையாட்டு இல்லை.

என்னிடம் ஒரு பழைய 20 மெகாஹெர்ட்ஸ் சிஆர்டி ஸ்கோப்பும் இருக்கிறது. கல்லூரி லேப் ஏலத்தில் வந்தது, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மெமரி கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனால் சேனல் 1 நாப் இடப்பக்கம், சேனல் 2 நாப் வலப்பக்கம். கண் பார்க்காமலே கை போய் நிற்கும். புது மெஷினில் கோபம் வரும்போதெல்லாம் இதைத்தான் ஆன் பண்ணுகிறேன், அது வெறும் சைன் வேவ் பார்க்கிற வேலையாக இருந்தாலும் சரி.

இனி நல்லது. இந்த மெஷினை நான் இன்னும் விற்காமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம் அதன் மெமரி. ஒரு ஸ்பின்னிங் மில்லிலிருந்து டிரைவ் ஒன்று வந்தது. டிஸ்ப்ளே எரிந்து எரிந்து அணைகிறது, உள்ளே சப்ளை டிக் டிக் என்று அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் கண்ட்ரோல் ஐசி யுசி3844. அது 16 வோல்ட்டில் எழுந்திருக்கும், சப்ளை 10 வோல்ட்டுக்கு இறங்கினால் படுத்துவிடும். இந்த டிக் டிக்குக்கு இரண்டு காரணம் சகஜம். ஒன்று, அவுட்புட் பக்கம் எங்கோ ஷார்ட். மற்றொன்று, ஐசிக்குச் சப்ளை தரும் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வறண்டுபோயிருக்கும். வெளியிலிருந்து கேட்டால் இரண்டும் ஒரே சத்தம்தான்.

ஐசொலேட்டட் டிசி சப்ளையில் போர்டை ஓட்டி, மூன்று ப்ரோப் போட்டேன். 7-ஆம் காலில் சப்ளை, 6-ஆம் காலில் கேட், 3-ஆம் காலில் கரண்ட் சென்ஸ். கிரவுண்ட் மூன்றுக்கும் 5-ஆம் கால். ஒரு செகண்ட் முழுக்க ஒரே பதிவாக, சிங்கிள் ஷாட்டில் பிடித்தேன். சப்ளை மெல்ல மெல்ல 16-க்கு ஏறுகிறது, செங்குத்தாக 10-க்கு விழுகிறது, மறுபடி ஏறுகிறது. அந்த விழுகிற இடத்தை மட்டும் ஜூம் செய்தால் உள்ளே ஒவ்வொரு கேட் பல்ஸும் தனித்தனியாக நிற்கிறது. கரண்ட் சென்ஸ் 1 வோல்ட் லிமிட்டைத் தொடுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது அது எப்போதும் தொடும், அதை வைத்து ஷார்ட் என்று முடிவுகட்ட முடியாது. பார்க்க வேண்டியது 16-லிருந்து 10-க்கு விழ எடுத்த நேரம். போர்டில் இருப்பது 47 மைக்ரோஃபாரட். ஐசியும் கேட்டும் சேர்ந்து 15 மில்லிஆம்ப் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 6 வோல்ட் இறங்க 19 மில்லி செகண்ட் போல ஆக வேண்டும். ஸ்கிரீனில் ஒரே ஒரு மில்லி செகண்டில் விழுந்திருந்தது. கணக்குப் போட்டால் கெப்பாசிட்டரில் மிச்சம் இருப்பது இரண்டரை மைக்ரோஃபாரட். சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணுவதற்கு முன்பே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

ஒரு சேனலுக்கு 2,500 பாயிண்ட் மட்டுமே வைத்திருந்த டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ்2000 காலத்து ஸ்கோப்பில் இதை ஒரே ஷாட்டில் பார்க்க முடியாது. ஒரு செகண்டை 2,500-ஆகப் பிரித்தால் புள்ளிக்குப் புள்ளி 400 மைக்ரோ செகண்ட். அந்த ஒரு மில்லி செகண்ட் சரிவு இரண்டு மூன்று புள்ளியோடு முடிந்துவிடும், பல்ஸ் எதுவும் கண்ணில் படாது. இங்கே பத்து மில்லியன் பாயிண்ட் என்றால் 100 நானோ செகண்டுக்கு ஒரு புள்ளி. இதற்காக மட்டும் இந்த மெஷினுக்குக் கும்பிடு போடலாம்.

அந்த வேலையிலும் நாப் தன் புத்தியைக் காட்டியது. மூன்று சேனலும் மூன்று ஸ்கேல், சப்ளைக்கு 5 வோல்ட், கேட்டுக்கு 10, சென்ஸுக்கு 500 மில்லி. ஒவ்வொன்றையும் சரிசெய்யப் பட்டன், நாப், பட்டன், நாப். அந்த நேரம் பார்த்துத்தான் நாப்புக்கு அடியில் இருந்து கிளிக்கை எண்ணும் என்கோடர் சாகத் தொடங்கியது. வலப்பக்கம் ஒரு கிளிக் திருப்பினால் 5-லிருந்து 2-க்குப் போகாமல் 10-க்குத் தாவும். இன்னொரு கிளிக், அசையாது. இன்னொன்று, இரண்டு படி குதிக்கும். நாலு பேர் வேலையை ஒருத்தனே செய்தால் முதலில் படுப்பவன் அவனாகத்தானே இருப்பான்? நேர அளவை மாற்றும் டைம்பேஸ் நாப் இன்னும் புதுசுபோலவே இருக்கிறது.

கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்த்தேன். சில வாரம் ஓடியது. ஆனால் அந்த ஸ்ப்ரே உள்ளே இருக்கும் கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிடும், நாப் தொளதொளவென்று ஆகிவிடும். வாரண்டி முடிந்திருந்தது. சர்வீஸில் கேட்டால், "பார்ட் தனியா தர மாட்டோம் சார், ஃப்ரண்ட் பேனல் போர்டு மொத்தமா மாத்தணும்" என்றார்கள். சொன்ன ரேட் மெஷின் விலையில் கால்வாசிக்கும் மேல். அதே மாதிரி என்கோடர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஊரார் போர்டையெல்லாம் பார்ட் பார்ட்டாகப் பிரித்து உயிர் கொடுக்கிற என்னிடமே இந்தப் பேச்சு!

நீங்களும் மாற்றுவதாக இருந்தால் ஒரு விஷயம். இந்த சைஸ் என்கோடர்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒரு பக்கம் மூன்று கால், எதிர்ப்பக்கம் சுவிட்சுக்கு இரண்டு கால். ஆனால் சுற்றுக்கு 20 கிளிக் 20 பல்ஸ் என்றும் வரும், 30 கிளிக் 15 பல்ஸ் என்றும் வரும். முதல் வகை இருந்த இடத்தில் இரண்டாவதைப் போட்டால் ஒரு படி நகர இரண்டு கிளிக் திருப்ப வேண்டியிருக்கும். கடையிலேயே மல்ட்டிமீட்டரை கண்டின்யூட்டியில் வைத்து, நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் பிடித்து ஒவ்வொரு கிளிக்காகத் திருப்புங்கள். எல்லா கிளிக்கிலும் ஓப்பனாகவே நின்றால் முழு பல்ஸ் வகை. ஒன்றுவிட்டு ஒன்று பீப் அடித்தால் அரை பல்ஸ். ஷாஃப்டின் நீளத்தையும் டி வடிவ வெட்டையும் பழையதோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாப் பேனலை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கும். கழற்றும்போது ஐந்து காலும் சுலபமாக வந்துவிடும். பக்கவாட்டில் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைதான் படுத்தும், கிரவுண்ட் பிளேன் சூட்டை மொத்தமாக உறிஞ்சிக்கொள்ளும். பெரிய பிட் போட்டு, புது ஈயம் சேர்த்து உருக்கினால்தான் துளை சேதமாகாமல் வரும்.

மாற்றிய பிறகு நாப் புதிதில் இருந்ததைவிட அழகாகத் திரும்புகிறது. அதுவும் கடுப்பாகத்தான் இருக்கிறது. இதையே முதலில் போட்டுத் தொலைத்திருக்கலாமே?

மற்றவை சுருக்கமாக. ஃபேன் சத்தம் உண்டு, எங்கள் பட்டறைச் சத்தத்தில் கேட்காது, வீட்டு அறையில் வைத்தால் கேட்கும். ஆன் பண்ணினால் ஸ்கிரீன் வருவதற்குள் ப்ரோப்பைச் சிக்கெடுத்துவிடலாம். லைனில் போகும் டேட்டாவைப் படித்துக் காட்டும் சீரியல் டீகோட் நான் எதிர்பாராத வரவு. டிரைவின் ஆர்எஸ்485 லைனில் 9600 பாட் மாட்பஸ் டேட்டா போகிறதா இல்லையா என்று மெஷின் கண்ட்ரோலர் பார்க்கும் பிஎல்சிக்காரரோடு வாதாடாமல் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டிவிடலாம். 12 பிட் வேண்டுமா என்றும் தம்பி கேட்டான். 2023-ல் ரிகோலின் டிஎச்ஓ800 வரிசை வந்த பிறகு 12 பிட் சின்ன பட்ஜெட்டிலேயே கிடைக்கிறது. 8 பிட்டின் 256 படி எங்கே, 12 பிட்டின் 4,096 படி எங்கே, டிசி மேல் வரும் சின்ன ரிப்பிள் பார்க்க நிச்சயம் சுகம்தான். ஆனால் செத்த போர்டில் எது செத்தது என்று தேடுகிறவனுக்கு 8 பிட்டே மிச்சம். டச் ஸ்கிரீன் வேண்டுமா என்றால், ஃப்ளக்ஸ் கையோடு தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இன்னொன்று, இது மெஷினின் குறை இல்லை, ஆனால் தம்பிக்குச் சொல்லாமல் விட முடியாது. ப்ரோப்பின் கிரவுண்ட் கிளிப் ஸ்கோப்பின் பாடி வழியாக நேராக மெயின்ஸ் எர்த்துக்குப் போகிறது. மூன்று ஃபேஸ் 415 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் டிரைவின் டிசி பஸ்ஸில் (உள்ளே டிசி ஓடும் மெயின் லைனில்) 587 வோல்ட் நிற்கும். அதன் நெகட்டிவில் கிளிப்பை மாட்டினால் முதலில் வெடிச்சத்தம், பிறகுதான் யோசனை. ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டு வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் பாடி, கையில் படுகிற பிஎன்சி சாக்கெட் உட்பட, பஸ் வோல்டேஜில் நிற்கும். அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் இருக்கிறதே என்றும் சொல்லாதே, வேரியாக் ஐசொலேட் செய்யாது, அதாவது மெயின்ஸிலிருந்து பிரிக்காது. ஸ்கோப்பின் எர்த்தை விட்டுவிடு, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைப் போர்டுக்குப் போடு. மெயின்ஸில் நேராக ஓடும் டிரைவில் அளக்க, எர்த்தைச் சேர்க்காமல் இரண்டு புள்ளிக்கு நடுவே அளக்கும் டிஃபரன்ஷியல் ப்ரோப் வாங்கு. மிக்சிக் டிபி10013 மாதிரி 1,300 வோல்ட், 100 மெகாஹெர்ட்ஸ் ஒன்று இருந்தால் மேல் ஐஜிபிடியின் கலெக்டர்–எமிட்டரைக்கூட தைரியமாகப் பார்க்கலாம்.

எல்லாம் சொல்லிவிட்டு முடிவு சொல்லாமல் இருந்தால் தம்பி விடமாட்டான். என்னைக் கேட்டால், வாங்காதே. இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று தோன்றும். என்கோடரை மாற்றி மூடிய அன்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு என்றுகூடச் சொல்லியிருப்பேன். இன்று காலை மறுபடியும் சேனல் 2 பட்டனை அழுத்தி, ஓடிக்கொண்டிருந்த ட்ரேஸை அணைத்துவிட்டு எழுதுகிறேன், அதனால் இதுதான் பதில். உன் வேலைக்கு நாலு சேனல் எப்போதாவதுதான் தேவைப்படும். தனித்தனி நாப் உள்ள இரண்டு சேனல் மெஷின், மெமரி பத்து மில்லியனுக்குக் குறையாமல், ஒன்று எடு. மிஞ்சும் காசோடு கொஞ்சம் சேர்த்து அந்த டிஃபரன்ஷியல் ப்ரோப்பை வாங்கிவிடு. என்னுடையதைத் தருவீர்களா என்று கேட்காதே, தர மாட்டேன்.

கடைக்குப் போனால் டெமோ பீஸைக் கேள். ப்ரோப்பை அதிலேயே இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் காலிபரேஷன் முனையில் மாட்டி, நாப்பை மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை, 1-2-5 படிகள் முழுக்க ஏற்றி இறக்கு. எங்காவது படி தாவுகிறதா பார். ஓடிக்கொண்டிருக்கும் சேனலின் பட்டனை அழுத்து, ட்ரேஸ் மறைகிறதா பார். ஜிஎஸ்டி 18 சதவீதம் விலையில் சேர்ந்திருக்கிறதா, வாரண்டியில் நாப்பும் என்கோடரும் அடங்குமா என்பதை பில்லில் எழுதித் தரச் சொல். எழுதித் தர யோசித்தால் அடுத்த கடைக்கு நட.